குறைந்ததை நிரப்புதலும் நிறைந்ததில் சொரிதலும்

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் இளைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்கள் பிரிவில் நோயாளியின் கட்டிலருகே தொங்கும் மருந்துச் சீட்டில், கிருமிகளை ஒடுக்கும் ஆன்டிபயாடிக்குகளுக்கும் தளர்ந்த இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலினுக்கும் கீழே, வைட்டமின் சி, தையமின், துத்தநாகம், செலினியம், மெலடோனின் என்று ஒரு சிறு பரிவாரம் வரிசையாக எழுதப்பட்டிருப்பதைக் கொரோனாக் காலத்திற்குப் பிறகு நான் அடிக்கடி காண்கிறேன். எதற்காக என்று வினவினால், மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பதற்காக என்று தயக்கமின்றி விடை வருகிறது. அந்த விடையை நான் பரிகாசம் செய்ய வரவில்லை. அது எவ்வளவு தூரம் சாஸ்திரம், எந்த இடத்தில் சாஸ்திரம் முடிந்து ஆசை தொடங்குகிறது என்பதை, நெடுங்காலம் உயிர்வேதியியல் பயிற்றுவித்தவன் என்ற உரிமையில், உங்களோடு சேர்ந்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். மடல் நீண்டுதான் போகும். இரவுப் பணியில் மூச்சுவிட நேரம் வாய்க்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

செப்சிஸ் நோயாளியிடம் நீங்கள் தினந்தோறும் காணும் ஒரு விசித்திரத்திலிருந்து தொடங்குவோம். சுவாசக் கருவி பிராணவாயுவைத் தருகிறது. இரத்தத்தில் அதன் அளவு திருப்தியாக இருக்கிறது. அழுத்தமும் மருந்தின் தயவால் நிமிர்ந்து நிற்கிறது. ஆயினும் லாக்டேட் இறங்க மறுக்கிறது, சிறுநீர் வற்றுகிறது, நினைவு மங்குகிறது. வாசல் வரை வந்த பிராணவாயுவை வீட்டிலுள்ளோர் ஏற்றுக்கொள்ள மறுக்கிறார்களோ என்ற சந்தேகத்தை, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மெர்வின் சிங்கர், டேவிட் பிரீலி முதலியோர் 2002ஆம் ஆண்டு ஓரளவு உறுதிப்படுத்தினர். அவர்கள் 28 செப்சிஸ் நோயாளிகளின் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தபோது, பின்னர் இறந்துபோன 12 பேரின் தசையில் ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள், பிழைத்த 16 பேரிடம் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. நார்அட்ரினலின் எவ்வளவு அதிகமாகத் தேவைப்பட்டதோ, அவ்வளவுக்கு மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் தொடரின் முதலாம் கூட்டமைப்பு சோர்ந்திருந்தது.

இந்தச் சோர்வு எவ்வாறு நேர்கிறது? மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே புரோட்டான்கள் இறைத்துத் தேக்கப்படுகின்றன என்பதும், மேட்டூரில் தேங்கிய நீர் கீழிறங்கும் வேகத்தில் சுழலியை உருட்டி மின்சாரம் தருவதைப் போல, அந்தப் புரோட்டான்கள் உள்ளே திரும்பும் வேகத்தில்தான் ஏ.டி.பி. பிறக்கிறது என்பதும், 1961இல் பீட்டர் மிட்செல் சொல்லி, பலகாலம் பலராலும் ஐயுறப்பட்டு, 1978இல் நோபல் பரிசால் அங்கீகாரம் பெற்ற சித்தாந்தம். அழற்சி மூண்டவுடன் உயிரணுக்கள் நைட்ரிக் ஆக்சைடை மிகுதியாக உற்பத்தி செய்கின்றன. அது நான்காம் கூட்டமைப்பில் பிராணவாயு அமர வேண்டிய ஆசனத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. ஓட்டம் தடைப்பட்ட எலக்ட்ரான்கள் வழிதவறிச் சூப்பராக்சைடாகின்றன. அந்தச் சூப்பராக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் கூடிப் பெராக்சிநைட்ரைட் என்னும் கொடிய பொருளாகி, புரதங்களையும், உட்சவ்வைக் கட்டிக்காக்கும் கார்டியோலிப்பின் என்ற கொழுப்பையும் சிதைக்கின்றன.

சிதைவு அத்துடன் நிற்பதில்லை. ஆதிகாலத்தில் வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாவின் வம்சமே மைட்டோகாண்ட்ரியா என்று 1967இல் லின் மார்குலிஸ் வாதிட்டது இன்று பாடநூற் செய்தியாகிவிட்டது. அந்தப் பூர்விகத்தின் அடையாளமாக அதற்கென்று 37 மரபணுக்கள் கொண்ட வளைய வடிவ டி.என்.ஏ. இன்னும் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா உடைந்து அந்த டி.என்.ஏ. வெளியே கசிந்தால், நம் நோயெதிர்ப்பு மண்டலம் அதைக் கிருமியின் உடைமையென்றே கருதிச் சீறுகிறது. கிருமியே இல்லாத பெருங்காயங்களிலும் செப்சிஸைப் போன்ற அழற்சி ஏன் எழுகிறது என்பதற்கு இதுவே ஒரு காரணம் என்று 2010இல் போஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். ஆக, அழற்சி மைட்டோகாண்ட்ரியாவைக் குலைக்கிறது. குலைந்த மைட்டோகாண்ட்ரியா அழற்சியை வளர்க்கிறது. இந்தச் சக்கரத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்துவிட முடியாதா என்ற ஆசை நியாயமானது.

அந்த ஆசைக்கு மெலடோனின் இசைந்து கொடுத்ததைப்போல் வேறொரு பொருள் இசைந்து கொடுத்ததில்லை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்துச் சரும நோய் மருத்துவர் ஆரன் லெர்னர், மாடுகளின் பீனியல் சுரப்பிகளை ஏராளமாகத் திரட்டி அதிலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது, தோலின் நிறத்தை வெளுக்கச் செய்யும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தாரேயன்றி, உறக்கத்தையோ மைட்டோகாண்ட்ரியாவையோ அவர் நினைத்திருக்கவில்லை. தவளையின் தோலை வெளுக்கச் செய்த அப்பொருள் மனிதனின் தோலை ஒன்றும் செய்யவில்லை. பின்னர் அது இரவின் தூதன் என்று அறியப்பட்டது. 1993இல் டெக்சாஸில் ரஸ்ஸல் ரைட்டரின் குழுவினர், அது ஹைட்ராக்சில் என்னும் மிகக் கொடிய மூலக்கூற்றை நேரடியாக அடக்கவல்லது என்று அறிவித்தனர். ஸ்பெயினின் கிரனாடா நகரத்தில் அகுஞா-காஸ்த்ரோவியேஹோவின் குழுவினர், அழற்சியூட்டப்பட்ட எலிகளில் தளர்ந்துபோன மைட்டோகாண்ட்ரியக் கூட்டமைப்புகள் மெலடோனினால் மீள்வதைக் கண்டனர். மைட்டோகாண்ட்ரியாவே தனக்குள் மெலடோனினைத் தயாரித்துக்கொள்கிறது என்ற செய்தி நரம்பணுக்களில் செய்த சோதனைகளிலிருந்து 2017இல் வந்தது. நீரிலும் கொழுப்பிலும் ஓரளவு கரைந்து சவ்வுகளை எளிதாகக் கடப்பது, வேறு பல ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளைக் காட்டிலும் இதற்குள்ள தனிச் சிறப்பு.

மனிதர்களிடம் இதன் கதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? இத்தாலியில் மெசினா நகரத்து மருத்துவர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், செப்சிஸ் கண்ட பச்சிளங்குழந்தைகள் 20 பேரில் 10 பேருக்கு மெலடோனின் கொடுத்தனர். கொடுக்கப்படாத 10 பேரில் 3 குழந்தைகள் இறந்தன, கொடுக்கப்பட்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. உள்ளத்தை உருக்கும் கணக்குத்தான். ஆனால் 10 பேருக்கும் 10 பேருக்கும் இடையே 3 மரணங்களின் வேற்றுமை தற்செயலாகவும் நேரக்கூடும் என்பதை உங்கள் புள்ளியியல் ஆசிரியர் சொல்லித் தந்திருப்பார். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹெலன் காலியின் குழுவினர் 2014இல், ஆரோக்கியமான தொண்டர்களுக்கு 20 மில்லிகிராம் முதல் 100 மில்லிகிராம் வரை வாய்வழியாகக் கொடுத்து, பெரிய உபாதை எதுவுமில்லை என்று கண்டனர். இது மருந்து பாதுகாப்பானதா என்ற முதற்படியேயன்றி, பயன் தருமா என்ற கேள்விக்கு விடையன்று. ஆஸ்திரேலியாவில் 12 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 850 நோயாளிகளுக்கு இரவில் 4 மில்லிகிராம் மெலடோனினோ வெறும் மாத்திரையோ கொடுத்துச் சித்தப்பிரமை தடுக்கப்படுகிறதா என்று பார்த்த ஆய்வு, 2022இல், தடுக்கப்படவில்லை என்று முடிந்தது. அளவும் நோக்கமும் வேறு என்பதால், மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிய கேள்வியை அது தீர்த்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எலியில் நிரூபணமாகி, குழந்தைகளிடம் நம்பிக்கையூட்டி, பெரியவர்களிடம் இன்னும் சான்று பெறாத நிலையில் மெலடோனின் நிற்கிறது. வாயால் உட்கொண்டதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதற்பயணத்திலேயே கரைத்துவிடுகிறது என்பதையும், எஞ்சியதும் ஒரு மணி நேரத்திற்குள் பாதியாகிவிடுகிறது என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இனி நுண்சத்துகளுக்கு வருகிறேன். என் அபிப்பிராயத்தில், இங்கேதான் நாம் இரு வேறு வகுப்பினரை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறோம். தையமின், ரிபோஃப்ளேவின், நியாசின், இரும்பு, தாமிரம், மாங்கனீசு ஆகியவை மைட்டோகாண்ட்ரியா என்னும் யந்திரத்தின் அங்கங்கள். அவை இல்லையேல் யந்திரம் ஓடாது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ முதலியவற்றை நாம் அங்கு அனுப்புவதோ யந்திரம் எழுப்பும் தீப்பொறியை அணைப்பதற்காக. செலினியம் தீப்பொறியை அணைக்கும் நொதியொன்றின் அங்கமாதலால் இரு பக்கத்திலும் உறவுடையது. அங்கம் குறைந்திருந்தால் நிரப்புவது ஒரு செயல். அங்கம் நிறைந்திருக்கும்போது மேலும் சொரிவது முற்றிலும் வேறொரு செயல்.

குறைந்ததை நிரப்புவதன் மகிமைக்கு நம்மவர் சம்பந்தப்பட்ட சரித்திரம் ஒன்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவின் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி என்னும் நோய், காலை வீங்கச் செய்து, இதயத்தை நிறுத்தி, ஆயிரக்கணக்கான கூலியாட்களைக் கொண்டுபோயிற்று. தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டியபோது, அதே மண்ணில் அதே மழையில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை ஏறக்குறைய தீண்டவேயில்லை. தமிழர் தம் ஊர் வழக்கப்படி புழுங்கலரிசி உண்டதே இதற்குக் காரணம் என்று பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் அங்கே வாதிட்டார். அந்த வாதத்தைச் சோதிக்க எண்ணிய வில்லியம் ஃபிளெட்சர், 1905இல் கோலாலம்பூர் மனநோயர் இல்லத்தில் இருந்தவர்களை உணவுக்கூடத்தில் நிறுத்தி, ஒன்று இரண்டு என்று எண்ணி இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் நாட்டுப் பச்சரிசியும் மறு பிரிவுக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி கண்டு 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே, அவ்விருவரும் இல்லத்திற்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். தம் சம்மதத்தைச் சொல்லும் நிலையிலும் இல்லாத அந்த 18 பேரின் சாவை இன்றைய நீதியுணர்வு மன்னிக்காது. எனினும் அவர்களுடைய சாவிலிருந்து கிடைத்த அறிவைப் பயன்படுத்தாமல் விடுவது அதனினும் பெரிய அநீதியாகும்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தையமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. உடலுக்குள் சென்றபின் அந்தத் தையமின், பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பயனாவதற்குரிய நொதியின் துணைப்பொருளாகிறது. அது இல்லாவிடில் பைருவேட் மேற்கொண்டு செல்ல வழியின்றி லாக்டேட்டாகத் திரும்புகிறது. இப்போது உங்கள் நோயாளியின் இறங்காத லாக்டேட்டை நினைத்துப் பாருங்கள். உடலில் தையமினின் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். குடிப்பழக்கமுள்ளவர், நாட்கணக்கில் வாந்தி எடுத்தவர், நெடுநாள் ஃபுரோசமைடு உட்கொண்டவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், பட்டினி கிடந்து வந்தவர் ஆகியோரிடம் அது வற்றிப்போயிருக்கக்கூடும் என்பதை நீங்கள் சந்தேகித்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில், செப்டிக் ஷாக் கண்ட 88 பேரை எடுத்துக்கொண்டு ஒரு பகுதியினருக்குத் தையமின் கொடுத்தபோது, மொத்தத்தில் லாக்டேட் பெரிதாக வேறுபடவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே தையமின் குறைந்திருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றோரின் லாக்டேட் இறங்கியிருந்தது. நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரே ஆய்வில் அடங்கியிருக்கிறது.

நிறைந்ததில் சொரிந்ததன் கதையோ துயரமானது. 2017இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து மருத்துவர் பால் மாரிக், வைட்டமின் சி, தையமின், ஹைட்ரோகார்ட்டிசோன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த 47 பேரில் 8.5 சதவீதமே இறந்தனர் என்றும், அதற்கு முன் அவ்வாறு கொடுக்கப்படாத 47 பேரில் 40.4 சதவீதம் இறந்தனர் என்றும் எழுதியபோது, உலகம் முழுவதும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பரபரப்படைந்தன. ஆனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில் நாடுகளில் 216 பேரிடம் முறையாகப் பகுத்து நடத்திய ஆய்வு 2020இல் ஒரு பயனும் இல்லை என்றது. 2022இல் கனடா நாட்டினர் முன்னின்று நடத்திய லோவிட் என்னும் ஆய்விலோ, வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5 சதவீதத்தினர் இறந்தோ உறுப்புகள் மீளாமலோ போயினர், வெறும் திரவம் பெற்றவர்களில் அந்த விகிதம் 38.5தான். அதற்கு முன்னரே 2013இல் 1,223 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு, குளுட்டமின் மரணத்தைக் கூட்டியது என்றும், செலினியம் உள்ளிட்ட ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளால் பயனில்லை என்றும் எச்சரித்திருந்தது. செலினியத்தைத் தனியே சோதித்த ஜெர்மானிய ஆய்வும், வைட்டமின் டியை ஒரே தடவையில் 5,40,000 அலகு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வும் அதே முடிவுக்கே வந்தன.

ஏன் இவ்வாறு ஆயிற்று? நாம் தீப்பொறி என்று பழித்த அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளே வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லும் ஆயுதம் என்பதும், உயிரணு தன்னைச் சரிசெய்துகொள்ளும்படி இடும் கட்டளையும் அவற்றின் வழியாகவே செல்கிறது என்பதும் ஒரு காரணம். உடற்பயிற்சி செய்வோருக்கு வைட்டமின் சியும் ஈயும் கொடுத்தால், இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையில் பயிற்சியால் வரவேண்டிய நன்மை தடைப்பட்டதை 2009இல் ஜெர்மானியர் கண்டிருக்கின்றனர். இன்னொரு காரணம் இதனினும் சுவையானது. சிங்கர் முதலியோர், செப்சிஸில் இறந்தவர்களின் உறுப்புகளில் உயிரணுக்கள் பெரும்பாலும் சாகாமலே இருப்பதைச் சுட்டி, மைட்டோகாண்ட்ரியா வேலையைக் குறைத்துக்கொள்வது தோல்வியல்ல, புயல் ஓயும் வரை அடங்கியிருக்கும் ஒருவகைத் துயில் என்று ஊகித்தனர். அந்த ஊகம் மெய்யாயின், துயில்கொள்ளும் உறுப்பை வலிந்து எழுப்புவது உபகாரமாகுமா? இது முடிவான சித்தாந்தமன்று. ஆனால் மருந்தெழுதும் கையைச் சற்றே நிதானப்படுத்தப் போதுமானது.

ஆய்வகச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழற்சி மூண்ட சில மணிகளிலேயே துத்தநாகமும் இரும்பும் செலினியமும் இரத்தத்தில் சரிகின்றன. கிருமிகளுக்கு இரை கிடைக்காதபடி உடலே இரும்பையும் துத்தநாகத்தையும் கல்லீரல் முதலிய இடங்களில் ஒளித்துவைக்கிறது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. உயர்ந்திருக்கும் வேளையில் எடுத்த துத்தநாக அளவைக் கொண்டு குறைபாடு என்று முத்திரை குத்துவது, ஆகவே, பெரும்பாலும் பொருந்தாது. இரத்தத்தில் கிருமி உலவும்போது நரம்புவழி இரும்பு ஏற்றுவதை நான் விரும்புவதில்லை.

காப்பாற்றும் மருந்தைத் தேடுமுன், நாமே கொடுக்கும் மருந்துகள் மைட்டோகாண்ட்ரியாவைக் காயப்படுத்தவில்லையா என்று பார்ப்பதும் நம் கடமை. அது பாக்டீரியாவின் வம்சம் என்றேன். ஆகவேதான் பாக்டீரியாவின் ரைபோசோமைக் கட்டிப்போடும் லைன்சோலிட், மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமையும் தீண்டிவிடுகிறது. நெடுநாள் லைன்சோலிட் பெற்றவருக்கு லாக்டேட் ஏறினால், செப்சிஸ் மீண்டும் தலைதூக்கிவிட்டது என்று மற்றோர் ஆன்டிபயாடிக்கைச் சேர்க்கும் முன்பு, அந்த மருந்தையே நிறுத்திப் பார்க்கலாமா என்று யோசியுங்கள். நாட்கணக்கில் அதிக அளவில் ஓடும் புரொபோஃபாலும், சிறுநீரகம் தளர்ந்தவரின் மெட்ஃபார்மினும் இதே பட்டியலைச் சேர்ந்தவை. இந்த வரிகளை எழுதும்போது எனக்கு எந்த வைட்டமினைப் பற்றி எழுதும்போதும் இல்லாத உறுதி இருக்கிறது.

செவிலியச் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் தனியே சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. மெலடோனினைப் பற்றி இத்தனை ஆய்வுகள் நடந்தும், அதை நோயாளியே ஒவ்வோர் இரவும் செலவின்றித் தயாரித்துக்கொள்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பிரகாசமான வெளிச்சம் மனிதரில் அந்த உற்பத்தியை அடக்கிவிடுகிறது என்று 1980இல் ஆல்ஃபிரெட் லூயி காட்டினார். தீவிர சிகிச்சைப் பிரிவிலுள்ள செப்சிஸ் நோயாளிகளிடம் இரவு பகல் என்ற மெலடோனின் தாளமே குலைந்துபோயிருப்பதை 2002இல் ஆஸ்திரிய மருத்துவர்கள் கண்டனர். நோய் பாதி, நம் குழல்விளக்குகள் பாதி என்று நான் நினைக்கிறேன். இரவு 10 மணிக்குப் பின் கட்டிலுக்கு மேலுள்ள விளக்கை அணைத்து, மருந்து கொடுப்பதையும் இரத்தம் எடுப்பதையும் இயன்றவரை ஒருசேர முடித்து, அபாய மணிகளின் எல்லைகளை நோயாளிக்கேற்பத் திருத்திவைத்து, விடிந்ததும் ஜன்னல் திரையை விலக்கிவிடுவது உங்கள் கையில் இருக்கிறது. இதனால் மைட்டோகாண்ட்ரியா மீண்டுவிடும் என்று வாக்களிக்க என்னிடம் சான்றில்லை. தீங்கு செய்யாது என்று வாக்களிக்க முடியும்; லோவிட் ஆய்வுக்குப் பிறகு வைட்டமின் சியைப் பற்றி அந்த வாக்கைத் தர முடியாது.

உறவினர்கள் வெளியிலிருந்து வாங்கிவந்து நீட்டும் மாத்திரைகளைப் பற்றி எச்சரிக்கையாயிருங்கள். கனடாவில் 2017இல் கடைகளில் விற்ற 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தபோது, சீட்டில் எழுதியதைவிட 83 சதவீதம் வரை குறைவாகவும் 478 சதவீதம் வரை அதிகமாகவும் மருந்து இருக்கக் கண்டனர். 8 தயாரிப்புகளில் எழுதப்படாத செரட்டோனினும் இருந்தது. ஃபுளுவாக்சமின் உட்கொள்பவருக்கு மெலடோனினின் அளவு இரத்தத்தில் பன்மடங்கு உயரும் என்பதையும் கேட்டறிந்துகொள்ளுங்கள். கொண்டுவருபவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்; கட்டிலருகே செய்வதற்கு வேறொன்றும் இல்லாதவர்கள் அவர்கள்.

மருத்துவர்களே, நாளைக் காலை வலம் வரும்போது அந்தப் பரிவாரத்தை ஒவ்வொன்றாக விசாரியுங்கள். தையமின் குறைந்திருக்க இடமுள்ளவருக்கு, ஆய்வக விடை வரும்வரை காத்திராமல், டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவதற்கு முன்பே தையமினைக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு குழாய் இரத்தத்தை எடுத்து வையுங்கள். மெலடோனின் எழுதினால் உறக்கத்திற்கு என்று காரணத்தையும், நிறுத்த வேண்டிய தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மருந்தளவு வைட்டமின் சியை அடித்துவிடுங்கள். துத்தநாகத்தையும் செலினியத்தையும் உணவுக்குழாய் வழிச் செல்லும் அன்றாட ஊட்டத்தின் அளவோடு நிறுத்துங்கள். தீக்காயமுற்றவர்க்கும் குடலிலிருந்து மிகுதியாக இழப்பவர்க்கும் மட்டும் கணக்கு வேறு. உங்கள் பிரிவில் இத்தகைய ஆய்வு ஒன்றை நடத்த அனுமதி கிடைக்குமானால், எல்லோரையும் ஒரே கூட்டமாகச் சேர்க்காமல், முதல் நாளே சத்தின் அளவை அறிந்து குறைந்தவரை வேறாகவும் நிறைந்தவரை வேறாகவும் பிரித்துத் தொடங்குங்கள். எடுத்து வைத்த அந்த ஒரு குழாய் இரத்தம் அப்போது பயன்படும்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஓய்வு பெற்ற உயிர்வேதியியல் ஆசிரியன்